புது வீட்டுக்கு எந்தக் காப்புறுதி?

க.பொ.த. உயர்தரம், வர்த்தகப் பிரிவு

கடந்த வருடம் எங்கள் புது வீட்டில் யாசீன் ஓதிக் குடிபுகுந்தோம். வாப்பா கட்டாரில் 14 வருடங்கள் உழைத்து, உம்மாவின் சீதனக் காணியில் கட்டிய வீடு அது. கடைசிக் கட்டத்தில் கூரைக்கும் டைல்ஸுக்கும் காசு போதாமல் போனது. வங்கியொன்றின் இஸ்லாமிய நிதிப் பிரிவில் 25 இலட்சம் ரூபா வசதி பெற்றுத்தான் வேலையை முடித்தோம். குடிபுகுந்து இரண்டு கிழமைக்குப் பிறகு வாப்பா ஒரு கோப்பைத் தந்து, உள்ளே இருந்த பத்திரங்களுக்கெல்லாம் போட்டோ பிரதி எடுத்து வரச் சொன்னார். "வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டாச்சு மகள், வங்கியே எல்லாம் செஞ்சு தந்திட்டாங்க" என்று அவர் சொன்னபோது முகத்தில் பெரிய நிம்மதி.

போட்டோ பிரதிக் கடையில் சனம் அதிகம். காத்திருந்த நேரத்தில் அந்தக் காப்புறுதிப் பத்திரத்தைப் புரட்டினேன். வகுப்பில் காப்புறுதி அலகைப் படித்து முடித்திருந்த நேரம் அது. இல்லாவிட்டால் நானும் புரட்டியிருக்க மாட்டேன். முதற் பக்கத்திலேயே மூன்று வரிகள் என்னை நிறுத்தின. காப்புறுதித் தொகை 25 இலட்சம். காப்பளிக்கப்படும் இடர்கள் தீயும் மின்னலும். இழப்பீட்டில் முதலுரிமை வங்கிக்கு.

எங்கள் வீட்டைக் கட்ட 120 இலட்சம் போயிருந்தது. வங்கி தன்னுடைய 25 இலட்சத்துக்குப் பாதுகாப்புத் தேடியிருந்தது. அதில் பிழையில்லை, கடன் கொடுக்கும் எவரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு வீட்டுக்கே காப்புறுதி இருக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். புது வீடு கட்டியிருக்கும் எத்தனை வீடுகளின் கோப்புகளில் இப்படியொரு பத்திரம் இருக்குமோ! அன்று தொடங்கி இரண்டு மாதம் நானும் வாப்பாவும் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "வீடு முழுசா எரியப் போறதில்ல. ஒரு அறை எரிஞ்சா பத்துப் பன்னிரண்டு இலட்சம் வரும். இருபத்தஞ்சு இருக்கே, போதாதா?"

போதாது. காப்புறுதியில் பலருக்குத் தெரியாத இடம் இதுதான். குசினியில் தீப்பிடித்து 12 இலட்சம் ரூபா நட்டம் என்று வைத்துக்கொள்வோம். கம்பனி பார்க்கும் முதல் விடயம், அந்த வீட்டின் முழுப் பெறுமதிக்கும் காப்புறுதி எடுக்கப்பட்டதா என்பது. 120 இலட்சம் பெறுமதியான வீட்டை 25 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், மிகுதி 95 இலட்சத்துக்கு நாமே நமக்குக் காப்புறுதியாளர் என்று பத்திரம் கருதுகிறது. எனவே நட்டமும் அதே விகிதத்தில் பிரிக்கப்படும். 12 இலட்சத்தை 25 ஆல் பெருக்கி 120 ஆல் வகுத்தால் வருவது 2 இலட்சத்து 50 ஆயிரம். மிகுதி ஒன்பதரை இலட்சமும் எங்கள் கையால் போகும். கிடைக்கும் இரண்டரை இலட்சத்திலும் முதலுரிமை வங்கிக்கு.

இதைச் சராசரி விதி என்பார்கள். வாப்பாவுக்கு இது அநியாயமாகத் தெரிந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரே மாதிரியான இரண்டு வீடுகள். ஒருவர் 120 இலட்சத்துக்குக் கட்டுப்பணம் செலுத்துகிறார், பக்கத்து வீட்டுக்காரர் 25 இலட்சத்துக்கு மட்டும். வீட்டுக்கு வரும் நட்டங்களில் பெரும்பாலானவை பகுதி நட்டங்கள். இருவருக்கும் 12 இலட்சம் முழுமையாகக் கொடுத்தால், கூடுதலாகக் கட்டியவர் ஏமாளியாவார். எல்லோரும் குறைத்துக் கட்டத் தொடங்குவார்கள், பொது நிதி வற்றிவிடும். விதியில் நியாயம் இருக்கிறது. அதை யாரும் வாயால் சொல்லித் தராததுதான் குறை. பெறுமதி சற்றுக் குறைவாக இருந்தால் அதைப் பொருட்படுத்தாத பத்திரங்களும் உண்டு. எவ்வளவு குறைவு வரை என்று கேட்டு, அந்த வாசகத்தைப் பத்திரத்திலேயே காட்டச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் சரியான தொகை எது? எங்கள் மாமா ஒருவர் "இண்டைக்கு வித்தா இரண்டு கோடி போகும், இரண்டு கோடிக்கே போடுங்க" என்றார். அதுவும் பிழை. விற்பனை விலைக்குள் காணியின் விலையும் இருக்கிறது. காணி எரியாது. வீடு தரைமட்டமானால் அதே அளவில், அதே தரத்தில் மீண்டும் கட்ட இன்றைக்கு எவ்வளவு செலவாகும் என்பதே காப்புறுதித் தொகை. கூட்டிப் போடுவதால் இலாபமும் இல்லை. வகுப்பில் நட்டோத்தரவாதம் என்று படிக்கிறோமே, அதன் பொருள் இதுதான்: நட்டத்துக்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவார்கள், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. இரண்டு கோடிக்குப் போட்டால் வருடா வருடம் கட்டுப்பணம் மட்டும் கூடும்.

மீளக் கட்டும் செலவைக் கணக்கிடப் புது வீட்டுக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. செலவு விபரம் கையிலேயே இருக்கிறது. நாங்கள் மேசன் கூலி, ஓடாவியின் யன்னல் கதவுக் கணக்கு, சீமெந்து, கம்பி, ஓடு, மின்னிணைப்பு என்று உம்மா எழுதி வைத்திருந்த ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தோம். 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்குச் சராசரி 10,000 ரூபா. அதோடு நாங்கள் மறந்திருந்த மதில், கேற், தண்ணீர்த் தாங்கி, கிணற்று மோட்டார் ஆகியவற்றையும் சேர்த்தோம். இவற்றைத் தனித்தனியாகப் பெயர் குறிப்பிடாவிட்டால் சில பத்திரங்களில் வீடு என்ற சொல்லுக்குள் இவை வராது. எரிந்த வீட்டை மீளக் கட்டும் முன் இடிபாடுகளை அகற்றவும் புதிய பிளான் வரையவும் செலவுண்டு. அதையும் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம்.

ஒரு தடவை போட்ட தொகையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2021 இல் இருந்த சீமெந்து விலை 2022 இல் இரண்டு மடங்கைத் தாண்டியது நினைவிருக்கும். 2021 இல் வீடு கட்டி அந்தக் கணக்குக்கே காப்புறுதியைப் புதுப்பித்து வந்தவர்கள், தாங்கள் எதையும் செய்யாமலேயே சராசரி விதிக்குள் விழுந்திருப்பார்கள். வருடந்தோறும் புதுப்பிக்கும்போது அன்றைய விலையைப் பார்த்துத் தொகையைத் திருத்த வேண்டும்.

இன்னொரு கேள்வியும் தொகையோடு சேர்ந்தது. நட்டம் ஏற்பட்டால் புதிய பெறுமதி தருவார்களா, தேய்வு கழித்துத் தருவார்களா? வீடு புதிதாக இருக்கும்வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து வருடம் போன பின் கூரை காற்றில் போனால், பழைய கூரையின் தேய்ந்த விலைக்குப் புதுக் கூரை வாங்க முடியாது. ஆகவே மீள நிறுவும் பெறுமதி அடிப்படையில் தரும் பத்திரத்தையே முதல் வருடத்திலிருந்து கேட்டு எடுப்பது நல்லது.

அடுத்தது இடர்கள். காப்புறுதிப் பத்திரத்தில் பெரும்பாலும் பெயர் சொல்லப்பட்ட இடர்களுக்கு மட்டுமே பணம் கிடைக்கும். தீ, மின்னல் என்று மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு எதுவுமில்லை. நாங்கள் இருப்பது கல்முனைப் பக்கம். 1978 நவம்பரில் சூறாவளி, 2004 டிசம்பர் 26 இல் சுனாமி, 2011 ஜனவரியில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளம். எங்கள் ஊர் மூத்தவர்களிடம் வீடு போன கதையைக் கேட்டால் தீயைப் பற்றி எவரும் சொல்ல மாட்டார்கள். காற்றும் தண்ணீரும்தான். எங்களிடம் இருந்த பத்திரத்தில் அந்த இரண்டும் இருக்கவில்லை.

எனவே இடர்களின் பட்டியலை ஊரைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். எங்களுக்கு வெள்ளம், புயல், சூறாவளி. மாவனல்லையிலோ கண்டியிலோ பதுளையிலோ வீடு கட்டுபவருக்கு மண்சரிவு. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதைந்ததை மறந்திருக்க மாட்டோம். அப்படியான மாவட்டங்களில் கட்டுவதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற வேண்டியிருக்கும். அந்த அறிக்கையைக் காப்புறுதிக் கோப்பிலும் ஒரு பிரதி வைப்பது பயன்படும். வெள்ளம் என்ற சொல்லுக்குள் மண்சரிவு அடங்கும் என்று நாமாக முடிவுசெய்யக் கூடாது.

சுனாமி விடயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுனாமி பூமியதிர்ச்சியால் வருவது. வீட்டுக்குள் நுழைவதோ தண்ணீர். நட்டத்துக்கு எது காரணம் என்று எடுப்பார்கள், வெள்ளமா பூமியதிர்ச்சியா? ஒரு பத்திரத்தில் வெள்ளம் இருந்து பூமியதிர்ச்சி இல்லாவிட்டால் என்ன நடக்கும்? நாங்கள் பேசிய முகவர் "அதெல்லாம் கவராகும்" என்று கையசைத்தார். வாப்பா "தம்பி, அதை எழுத்தில தாங்க" என்றார். எங்கள் விசாரணையில் மிகவும் பெறுமதியான வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். முகவர் வாயால் சொல்வது நட்டம் வந்த நாளில் நம்மிடம் இருக்காது.

எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதுகிறேன். 2014 இல் அளுத்கம, 2018 இல் அம்பாறை நகரும் திகனயும். வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதைச் செய்தியில் பார்த்தோம். கலகத்தில் ஒரு வீடு எரிந்தால் அது தீதானே, தீக் காப்புறுதி பணம் தரும்தானே என்று நினைப்போம். வழமையான தீக் காப்புறுதியில் கலகத்தால் வரும் தீ விலக்கப்பட்டிருக்கும். வேலைநிறுத்தம், கலகம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் என்பவை ஒரு தனிப் பகுதி. எந்தக் கம்பனியில் காப்புறுதி எடுத்தாலும் இந்தப் பகுதிக்கான நிதி அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இருக்கிறது. அதற்கு மேலதிகக் கட்டணம் சேர்த்து, பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். யாருக்கும் அது தேவைப்படக் கூடாது என்பதே எங்கள் துஆ. ஆனாலும் சேர்த்துக்கொண்டோம்.

"அனர்த்தம் வந்தா அரசாங்கம் தரும்தானே" என்று சிலர் சொல்வதுண்டு. 2016 இல் அந்த நிதியத்தின் ஊடாக இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டமொன்று தொடங்கப்பட்டபோது ஒரு வீட்டுக்கான உச்ச எல்லை 25 இலட்சம் ரூபா. அது உதவி. ஆனால் 120 இலட்சம் வீட்டுக்கும் எல்லை அதுதான், அதுவும் மதிப்பீட்டுக்குப் பிறகு.

சின்ன விடயங்கள் சில. மின்னொழுக்கால் வீட்டில் தீப் பரவினால் அது தீ. மின்னொழுக்கால் குளிர்சாதனப் பெட்டி மட்டும் கருகினால் அது வேறு இடர், தனியாகச் சேர்க்க வேண்டும். திருட்டுக்கு, உடைத்து உள்ளே வந்த அடையாளம் கேட்பார்கள். திறந்திருந்த கதவால் வந்தவன் எடுத்துச் சென்றால் சிக்கல். வீட்டுக் கட்டடத்துக்கான காப்புறுதியில் தளபாடங்களும் நகைகளும் வராது. அவற்றுக்கு வேறு தொகை, நகைக்கு அதற்குள்ளும் ஓர் எல்லை. கலியாண வீடென்றால் இந்த வரியை உம்மாமார் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நட்டத்திலும் முதற் பகுதியை நாமே ஏற்க வேண்டும் என்றொரு நிபந்தனையும் இருக்கும். எங்களுக்குக் கிடைத்த ஒரு விலைக்கூற்றில் இயற்கை அனர்த்தங்களுக்கு அது நட்டத்தின் 10 சதவீதம் என்று இருந்தது. கட்டுப்பணம் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்த பத்திரத்தில் இந்தப் பகுதி பெரிதாக இருந்தது. இரண்டு விலைக்கூற்றுகளை ஒப்பிடும்போது கட்டுப்பணத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

புது வீட்டுக்கென்றே சில விலக்குகள் உண்டு. குடிபுகுந்து ஆறு மாதத்தில் எங்கள் மண்டபச் சுவரில் மயிர் போன்ற ஒரு வெடிப்பு வந்தது. இதைக் காப்புறுதியில் கேட்கலாமா என்று உம்மா கேட்டார். கேட்க முடியாது. வேலையின் குறைபாடு, தரமற்ற பொருள், அத்திவாரம் மெல்ல இறங்குவது, சிறுகச் சிறுகக் கசியும் நீர், கறையான், பழுதடைந்து தேய்வது ஆகியவை காப்புறுதியின் வேலையல்ல. திடீரென, எதிர்பாராமல் வருவதற்கே காப்புறுதி. வெடிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கட்டியவர். அதனால்தான் விபரமறிந்தவர்கள் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்குப் பிடித்து வைக்கிறார்கள். நாங்கள் பிடித்து வைக்கவில்லை. மேசன் எங்கள் தெருவில் இருப்பவர் என்பதால் வந்து பூசித் தந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

கட்டிக்கொண்டிருக்கும் காலத்துக்கு வீட்டுக் காப்புறுதி பொருந்தாது. அரைகுறைச் சுவர் காற்றில் விழுவது, குவித்து வைத்த கம்பி களவு போவது போன்றவற்றுக்குக் கட்டுமான வேலைக்கான தனிக் காப்புறுதி இருக்கிறது. வீடு முடிந்து, பிரதேச சபையோ மாநகர சபையோ அங்கீகரித்த பிளானின்படி கட்டப்பட்டது என்று தரும் சான்றிதழைப் பெற்ற பின் வீட்டுக் காப்புறுதிக்கு மாறலாம். அந்தச் சான்றிதழை எடுக்காமல் குடிபுகுபவர்கள் அதிகம். நாங்களும் எடுத்திருக்கவில்லை. இந்த விசாரணையின்போதுதான் வாப்பா சபைக்கு அலைந்து எடுத்தார்.

எங்கள் சமூகத்துக்கு மிகவும் பொருந்தும் ஒரு நிபந்தனை, வீடு பூட்டிக் கிடப்பது பற்றியது. தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்பு நின்றுவிடும் அல்லது குறைந்துவிடும் என்று பல பத்திரங்களில் உண்டு. ஹஜ்ஜுக்குப் போகிறோம், வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவிடம் விடுமுறைக்குப் போகிறோம், மகளின் பிரசவத்துக்காகக் கொழும்பில் இரண்டு மாதம் தங்குகிறோம். அந்த நாட்களில்தான் களவும் நடக்கும், தண்ணீர்க் குழாயும் வெடிக்கும். போகும் முன் கம்பனிக்கு எழுதி அறிவித்து அனுமதி பெற வேண்டும்.

இனி, வீடு யாருடையது? எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கே போகும். இந்த வீடும் ராத்தாவுக்காகக் கட்டியது. உறுதி இப்போது உம்மாவின் பெயரில், உழைத்தது வாப்பா, வங்கி வசதி முடிந்ததும் ராத்தாவின் பெயருக்கு மாற்றுவதாகப் பேச்சு. காப்புறுதிக்குரிய அக்கறை என்று பாடத்தில் ஒரு தத்துவம் இருக்கிறது. ஒரு பொருள் அழிந்தால் எவருக்குச் சட்டப்படி நட்டம் வருமோ அவரே அதைக் காப்புறுதி செய்யலாம். வாப்பாவின் 14 வருட வியர்வை அந்தச் சுவர்களில் இருக்கிறது, ஆனால் உறுதியில் அவர் பெயர் இல்லை. பழைய பத்திரத்தில் காப்புறுதி செய்தவர் என்ற இடத்தில் வாப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது! புதியதில் உரிமையாளராக உம்மாவின் பெயரையும், வங்கியின் உரிமையை அதன் மிகுதித் தொகை வரைக்கும் என்றும் எழுதினோம்.

ராத்தாவின் பெயருக்கு உறுதி மாறும் நாளிலும் இந்தக் கேள்வி திரும்ப வரும். வீடு கைமாறும்போது காப்புறுதி தானாகக் கூடப் போகாது. கம்பனிக்கு அறிவித்துப் பெயரை மாற்ற வேண்டும். சீதனமாக வீடு எழுதும் நாளில் சாட்சிகள், நொத்தாரிசு, சாப்பாடு என்று எல்லாம் நினைவுக்கு வரும். இது வராது. ராத்தாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "முதல்ல பரீட்சையப் பாஸ் பண்ணு" என்றாள்.

எங்கள் மூத்தம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "அல்லாஹ்ட நாட்டத்தக் கடதாசி தடுக்குமா மகள்?" என்றார். மருதமுனைக் கடற்கரையில் இருந்த அவரது வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. அதற்குப் பிறகு கூடாரம், பிறகு தற்காலிகக் கொட்டில், பிறகு உறவினர் வீடு என்று வருடங்கள் போயின. அவரது கேள்விக்கு எங்கள் இஸ்லாம் ஆசிரியையிடம் பதில் தேடினேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அவர் நினைவூட்டினார். கடதாசி எதையும் தடுக்காது. தடுக்க முடியாததற்குப் பிறகு எழும்பி நிற்க உதவும், அவ்வளவுதான் என்றார்.

எந்த வகைக் காப்புறுதி என்பதையும் அவரே விளக்கினார். 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வியாபார அடிப்படையிலான வழமையான காப்புறுதியில் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்புறுதி ஆகுமென்றும் தீர்மானித்தது. தகாபுல் என்பது அந்த இரண்டாவது வகை. 1979 இல் சூடானில் முதற் கம்பனி தொடங்கியது. இலங்கையிலும் தகாபுல் கிடைக்கிறது.

அதன் இயக்கம் எங்கள் ஊர்ச் சங்கங்களைப் போன்றது. பங்குபற்றுபவர்கள் செலுத்தும் பணம் நன்கொடை நிய்யத்தில் ஒரு பொது நிதிக்குப் போகிறது. நட்டப்பட்டவருக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்கப்படும். கம்பனி நிதியின் சொந்தக்காரரல்ல, அதை நடத்திக் கொடுக்கும் முகவர். அதற்கு ஒரு கூலி எடுத்துக்கொள்ளும். நிதி போதாமல் போனால் கம்பனி வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தாங்கும். வருட முடிவில் மிஞ்சினால் விதிப்படி பங்குபற்றியவர்களுக்கும் பங்குண்டு. பணத்தை வட்டியில் முதலிட முடியாது, ஷரீஆ ஆலோசனைச் சபை மேற்பார்வை செய்யும்.

ஆனால் தகாபுல் என்ற பெயரைக் கண்டதும் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்திடுவதை நான் ஏற்கவில்லை. நடத்துக் கூலி எத்தனை சதவீதம், மிகுதி எப்படிப் பகிரப்படும், ஷரீஆ சபையில் யார் என்று கேட்பது நம் உரிமை. சராசரி விதியும் விலக்குகளும் 30 நாள் நிபந்தனையும் அங்கும் இருக்கும். நாங்கள் பார்த்த தகாபுல் பத்திரத்தின் முதல் வரைவிலும் வெள்ளம் இருக்கவில்லை. கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

முன்மொழிவுப் படிவத்தை நிரப்பும்போது ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. வீடு வசிப்பதற்கு மட்டும் பயன்படுகிறதா என்று ஒரு கேள்வி. உம்மா முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம் வைத்துக் கூலிக்குத் தைக்கிறார். துணிக் கட்டுகளும் இருக்கும். முகவர் "அதை எழுதத் தேவையில்ல" என்றார். உச்ச நம்பிக்கை என்று நாம் மனனம் செய்யும் தத்துவம் இங்குதான் வேலை செய்கிறது. கம்பனியின் தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய விபரத்தை மறைத்தால், நட்டம் வரும் நாளில் பத்திரத்தையே செல்லாது என்று சொல்ல இடமுண்டு. எழுதினோம். கட்டுப்பணம் கொஞ்சம் கூடியது. 2011 இல் அந்தக் காணியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதையும் எழுதினோம். பிறகு சூரிய மின்படல் போட்டால், முன்னறையைக் கடையாக்கினால், அறை கூட்டிக் கட்டினால் அன்றைக்கே அறிவிக்க வேண்டும். படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது. நிரப்பிய படிவத்தின் பிரதி நம்மிடம் இருக்க வேண்டும்.

நட்டம் வந்தால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடனே கம்பனிக்கு அறிவித்தல், படம் எடுத்தல், களவென்றால் பொலிஸ் முறைப்பாடு, நட்ட மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எரிந்ததையும் நனைந்ததையும் வீசாமல் வைத்திருத்தல். ஓடு பறந்தால் மழை உள்ளே வராமல் தறப்பாள் போடலாம், போடவும் வேண்டும். மேலும் சேதமாகாமல் பார்ப்பது நம் கடமை. பற்றுச்சீட்டுகளையும் வீட்டின் ஒவ்வோர் அறையின் படத்தையும் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். எங்களுடையவை மாமி வீட்டிலும் என் மின்னஞ்சலிலும் இருக்கின்றன. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, கம்பனியின் மேலிடத்துக்கு எழுதலாம். அதற்கும் பலனில்லாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. பத்திரம் எடுக்கும் முன் கம்பனி அந்த ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கடைசியில் 125 இலட்சத்துக்கு, வெள்ளம், புயல், பூமியதிர்ச்சி, கலகம் எல்லாம் சேர்த்து ஒரு தகாபுல் பத்திரம் எடுத்தோம். வங்கி அதை ஏற்றுக்கொண்டு, தன் பழைய பத்திரத்தை நிறுத்தியது. வாப்பா கேட்டிருந்த எழுத்து மூலமான பதில் மூன்று கிழமைக்குப் பிறகு தபாலில் வந்தது. அசர் தொழுதுவிட்டு முற்றத்தில் இருந்த மூத்தம்மா என்னைக் கூப்பிட்டு, "என்ன கடிதம் மகள்?" என்றார். இன்சூரன்ஸ் கடிதம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அதில கடல் எண்டு எழுதிரிக்கா?"

கடிதத்தை விரித்து, பூமியதிர்ச்சியால் எழும் கடலலையும் காப்பில் அடங்கும் என்ற வரியை அவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.